பழைய மெழுகை அகற்றாமல் புதியதைப் பூசலாமா?

மட்டக்களப்பின் கல்லடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே காரை நிறுத்துபவர்களுக்கு உப்புக் காற்றே முதல் எதிரி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் புழுதியும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. என் காரின் பொனட்டில் தண்ணீர் மணிமணியாக உருளாமல் பரவி நின்றதைக் கண்டபோது, பழைய மெழுகு தேய்ந்துவிட்டது என்று தெரிந்தது. மிச்சமிருப்பதை அகற்றிவிட்டுத்தான் புதியதைப் பூச வேண்டுமா?

எதன்மேல் எதைப் பூசுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. ஒருவகைப் பனையின் இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகின்மேல் அதே வகை மெழுகைப் பூசுவதற்கு நன்றாகக் கழுவி உலர்த்தினாலே போதும். செயற்கைப் பொலிமர் பூச்சோ வர்ணத்தின் மேற்படலத்தை நேரடியாகப் பற்ற வேண்டியது. இடையில் மெழுகு இருந்தால் பிடிமானம் குறைந்து சீக்கிரமே கழன்றுவிடும். நான் பொலிமருக்கு மாற விரும்பியதால் பழையதை அகற்றினேன்.

கழுவியபின் மெல்லிய பொலித்தீன் பையைக் கையில் மாட்டிப் பொனட்டைத் தடவிப் பார்த்தேன். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு, மணல் ஒட்டியதுபோல் விரல்நுனியில் பட்டது. வழுக்கும் திரவத்தைத் தெளித்து, ஒட்டிய அழுக்கைப் பிடித்தெடுக்கும் களிக்கட்டியான கிளே பாரை அழுத்தாமல் நகர்த்த நகர்த்த அது நீங்கியது. களி கீழே விழுந்தால் எடுத்துப் பயன்படுத்தவே கூடாது, ஒட்டிய மண் வர்ணத்தைக் கீறிவிடும். பின்னர் மிச்சமிருந்த மெழுகு போக, தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் அல்ககோலால் மைக்ரோபைபர் துணிகொண்டு துடைத்தேன். இவ்வளவையும் நிழலில், தகடு குளிர்ந்திருக்கும் காலையிலேயே செய்ய வேண்டும். பொலிமர் பூசிய அன்றிரவு பனி படாமல் காரைக் கூரையின் கீழ் வைத்தேன். அடுத்து வந்த மழையில் தண்ணீர் பொனட்டில் தங்கவில்லை.