கடைசிப் பந்தியில் ஏன் ஒரு சாவு? சிறுகதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாரியில் கிளிநொச்சியில் நடந்த ஒரு சிறுகதைப் பட்டறைக்கு வந்த கதைகளைப் படித்துப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. பாதிக்கு மேற்பட்ட கதைகளில் கடைசிப் பந்தியில் யாராவது செத்துப்போனார்கள். ஒருவரைப் பாம்பு கடித்தது, ஒருவரை யானை அடித்தது, மற்றவர் ஏ9 வீதியைக் கடக்கும்போது போனார். எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் முதல் கதையில் நானும் ஒரு கிழவியைக் கொன்றவன்தான். கதையை எப்படி முடிப்பதென்று தெரியவில்லை, கிழவிக்கு வயதும் போய்விட்டது, சரி போகட்டும் என்று விட்டேன்.

அன்றாட வாழ்வின் சுகதுக்கங்களை எழுதப்போகும்போது கண்ணுக்குச் சட்டென்று படுகிற தவறு இது. இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. கதைக்குள் போகுமுன்பே துக்கத்தை முடிவுசெய்துவிடுவது.

2008, 2009 இல் நடந்த இறுதிப் போருக்குள்ளால் வராத குடும்பம் வன்னியில் இல்லை. அதை எழுதவேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் தேத்தண்ணி போடுகிற கதையிலும் நாங்கள் அங்கேதான் பாய்கிறோம். கோப்பையைக் கையில் எடுத்தவர் நினைவுகளில் மூழ்குகிறார், மூன்று பக்கத்துக்கு ஷெல் விழுகிறது, திரும்பி வரும்போது தேத்தண்ணி ஆறிப்போயிருக்கிறது. அந்தத் தேத்தண்ணி யாருக்குப் போட்டது, சீனி இருந்ததா என்பதெல்லாம் காணாமல் போய்விடும். கதை அங்கேதான் இருந்தது.

பட்டறைக்கு வந்த ஒரு பிள்ளையின் கதையில் முற்றத்தில் ஒரு தறப்பாள் விரித்திருந்தது. உதவி நிறுவனத்தின் எழுத்து அதில் பாதி அழிந்திருக்கும். முகாமில் இருந்தபோது அதுதான் அவர்களுக்குக் கூரை. இப்போது அதில் நெல் காய்கிறது, ஓரத்தில் கோழி நிற்கிறது, "நெல்லில கால் வைக்காதையடா" என்று தாய் கத்துகிறாள். அவ்வளவும் அருமை. அடுத்த வரி: "இந்தத் தறப்பாள் எங்கள் வாழ்வின் மௌன சாட்சி." அந்த ஒரு வரியை வெட்டச் சொன்னேன். பிள்ளைக்கு மனமில்லை, அதுதான் தனக்குப் பிடித்த வரி என்றாள். எனக்கும் ஒரு காலத்தில் அப்படியான வரிகள்தான் பிடித்திருந்தன. ஆனால் இங்கே உள்ளவருக்குத் தறப்பாள் என்ற சொல்லே போதும். வெளியூர் வாசகருக்கு அதன் மூலையில் இன்னமும் தொங்குகிற கயிற்றுத் துண்டைக் காட்டினால் போதும். விளக்கத் தொடங்கினால் தறப்பாள் மறைந்துபோய் எழுதியவர்தான் முன்னால் நிற்பார்.

அப்புறம் வயல். வன்னியில் இருந்துகொண்டே வயலைப் பிழையாக எழுதுகிறவர்கள் உண்டு. ஒரு கதையில் ஐப்பசியில் காலபோக அறுவடை! ஐப்பசி மழையில் நெல் முளைக்கும், வெட்ட முடியாது. காலபோகம் மழையை நம்பி விதைத்து தை, மாசியில் வெட்டுவது. சிறுபோகம் குளத்துத் தண்ணீரை நம்பியது. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறதோ அதைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டம் போட்டு முடிவெடுப்பார்கள். இது வெறும் தகவல் இல்லை. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு அரை ஏக்கர்தான் விதைக்கலாம் என்றால், அன்று இரவு அந்த வீட்டில் என்ன கதை நடக்கும்? அடகில் இருக்கும் சங்கிலி, லாண்ட்மாஸ்டர் என்ற சின்ன உழவு மெசினுக்குக் கட்டவேண்டிய லீசிங் காசு, மகளின் ரியூசன் எல்லாம் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து வீட்டுக்கு வரும். மாதத்தைப் பிழைவிட்டால் இவ்வளவும் கைநழுவிப் போகும். அருவி வெட்டு என்கிற நெல் அறுப்பையும் கவனிக்கவேண்டும். இப்போது பெரும்பாலும் மெசின்தான் வெட்டுகிறது. கைவெட்டுப் பாட்டெல்லாம் கதையில் வந்தால், கதை நடக்கும் காலம் எது என்று ஒருமுறை யோசியுங்கள்.

பேச்சு இன்னொரு பொறி. சிலர் பாத்திரங்களைத் தமிழ்நாட்டுச் சினிமாத் தமிழில் பேசவிடுகிறார்கள். அதற்குப் பயந்த மற்றவர்கள் எல்லோருக்கும் ஒரே "என்ன காணும்" தமிழைக் கொடுத்துவிடுகிறார்கள். வன்னி அப்படி ஒரே அச்சில் வார்த்த ஊர் இல்லை. பழைய வன்னிக் கிராமத்தார் இருக்கிறார்கள். குடியேற்றத் திட்டங்களில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து குடியமர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டுப் பிள்ளை அம்மம்மா என்று கூப்பிடும், அடுத்த வீட்டுப் பிள்ளை அம்மாயி என்று கூப்பிடும். அந்த இரண்டு பிள்ளைகளும் கிணற்றடியில் சண்டைபோடும்போது யார் யாருடைய சொல்லைக் கடன் வாங்குகிறார்கள் என்று காதுகொடுத்துக் கேளுங்கள். எழுத்தில் ஒவ்வொரு சொல்லையும் பேசுவதுபோல உடைக்கவேண்டியதில்லை, "ஓம்", "வாறன்", "என்ன செய்யிறது" என்று நாலைந்து இடத்தில் சரியாக விழுந்தால் காது மிச்சத்தைத் தானே போட்டுக்கொள்ளும்.

சந்தோசத்தை எழுத வெட்கப்படுவதும் ஒரு தவறுதான். சிரித்தால் கனம் குறைந்துவிடும் என்று நினைக்கிறோம் போல. முல்லைத்தீவில் வற்றாப்பளைக் கோயில் பொங்கலை எழுதுகிறவர்கள் வைகாசி விசாகம், கண்ணகி அம்மன், கடல்நீரில் எரியும் விளக்கு என்று ஒரு வழிகாட்டிப் பலகையை நட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தச் சனத்துக்குள் புதுச் செருப்பைத் தொலைத்துவிட்டு, கிடைத்த இரண்டு இடதுகால் செருப்போடு முள்ளியவளை வரை நடந்து வந்த ஒரு பொடியனைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் நான் விழுந்து விழுந்து படித்திருப்பேன். விளக்கும் கடல்நீரும் அவனுடைய கண் வழியாக வந்தால் பாரமாக இராது.

வெள்ளமும் இப்படித்தான். 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறந்திருக்க, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது என்பது செய்தி. அந்த இரவில் ஒருவர் காணி உறுதிகளின் கட்டை எடுப்பதா, அடைகிடக்கும் கோழியைத் தூக்குவதா என்று வாசலில் நின்று தடுமாறியிருந்தால் அது கதை.

கடைசியாக, அயலாரைப் பற்றி. சின்ன ஊர்களில் பேரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். வேலியோரத்து முருங்கையை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார்கள். வீட்டையும் தொழிலையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் சேர்த்துத்தான் மாற்றவேண்டும். பக்கத்து வளவு மாமி மருமகளோடு பறைந்ததை நான் ஒருமுறை அப்படியே எழுதினேன், பேரை மட்டும் மாற்றி. கதை வெளிவந்த கிழமையே எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பால் நின்றது. கதையைப் பிறகு திருத்தி எழுதி மாமியைத் தையல்காரியாக்கினேன். பால் இன்னமும் கடையில்தான் வாங்குகிறோம்.