பூனைக்குட்டியின் முதுகில் பொடுகா? எண்ணெயை எடுக்குமுன் சீப்பை எடுங்கள்

கறுப்புக் குட்டி என்றால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். வெள்ளையோ சாம்பலோ என்றால், தடவிக் கொடுத்த கையில் மாவு ஒட்டியதுபோல இருக்கும்போதுதான் தெரியும். வாலுக்குச் சற்று மேலே, முதுகின் நடுவில், சிறுசிறு வெள்ளைச் செதில்கள். அந்த இடத்தில் முதலில் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. குட்டியின் நாக்கு அங்கே எளிதில் எட்டாது. தாய் இருந்தால் நக்கிச் சுத்தம் செய்துவிடும். தெருவில் தனியாகக் கிடைத்த குட்டிக்கு அதுவும் இல்லை.

பார்த்ததும் பலர் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். சிலர் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுகிறார்கள், சிலர் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுகிறார்கள். இரண்டு மாதம் நிரம்பாத குட்டிக்கு இந்த மூன்றுமே வேண்டாம். தோல் உதிர்வதற்குப் பூச்சி, படர்தாமரை, சத்துக் குறைவு, வயிற்றுப் புழு, வறண்ட காற்று, சோப்பு என்று பல காரணங்கள் உண்டு. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு உதவாது. எண்ணெய் போட்டால் முதலில் அழிவது தடயம்தான். செதில் முடியோடு ஒட்டிக்கொள்ளும், பூச்சி இருந்தாலும் கண்ணில் படாது. போதாக்குறைக்குக் குட்டி அதை நக்கி வயிற்றுப்போக்கை வரவழைத்துக்கொள்ளும்.

சீவிப் பார்ப்பது எப்படி

தேவையானவை: நெருக்கமான பல் உள்ள பேன் சீப்பு, ஒரு கறுப்புத் தாள், தண்ணீரில் நனைத்த வெள்ளை டிஷ்யூ, டார்ச். குட்டி வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நேரம் நல்லது. பகல் வெளிச்சத்தில் கறுப்புத் தாளின்மேல் உட்காரவைத்து, கழுத்திலிருந்து வால் வரை முடி போகும் திசையிலேயே பத்துமுறை மெதுவாகச் சீவுங்கள். சீப்பைத் தாளில் தட்டிவிட்டு இரண்டு நிமிடம் அசையாமல் பாருங்கள். செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்ப்பது பூதக்கண்ணாடிக்கு ஈடாகும்.

உதிர்ந்த வெள்ளைத் துகள் தானாக நகர்ந்தால், அது தோலில் வாழும் சிற்றுண்ணி. 'நடக்கும் பொடுகு' என்றே இதைச் சொல்வதுண்டு. வீட்டில் மற்றவர்களுக்குக் கையிலும் வயிற்றிலும் அரிப்புத் தடிப்பு வந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். மிளகுத்தூள் போலக் கறுப்புத் துகள் விழுந்தால் அதை நனைத்த டிஷ்யூவில் வைத்து அழுத்துங்கள். செம்பழுப்பாகக் கரைந்து பரவினால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது குட்டியின் செரித்த இரத்தம். கரையாவிட்டால் வெறும் மண். முடியில் ஒட்டிக்கொண்டு, இழுத்தாலும் நழுவாத வெள்ளைப் புள்ளிகள் பேன் முட்டையாக இருக்கலாம். வாயைச் சுற்றியும் கழுத்திலும் மட்டும் மஞ்சளாக விறைத்த பொருக்கு இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. புட்டிப்பால் வழிந்து காய்ந்தது, ஈரத்துணியால் போய்விடும்.

அடுத்து முடியை விலக்கிப் பாருங்கள். முகம், காதோரம், முன்கால்களில் வட்டமாக முடி உதிர்ந்து, சாம்பல் பூத்ததுபோல் செதில் இருந்தால் படர்தாமரை. காது விளிம்பில் தடித்த பொருக்கும் விடாத சொறிதலும் இருந்தால் சொறிப்பூச்சி. இரண்டுமே மருத்துவரிடம் போக வேண்டியவை. நடக்கும் பொடுகும் அப்படியே. அதில் ஒரு குட்டிக்கு மட்டும் மருந்து போட்டால் பயனில்லை, வீட்டிலுள்ள நாய், பூனை எல்லாவற்றுக்கும் சேர்த்தே போட வேண்டும்.

தெள்ளு இருந்தால் தாமதிக்காதீர்கள். அரைக் கிலோ எடையுள்ள குட்டியின் உடலில் மொத்த இரத்தமே சுமார் 30 மில்லிதான். நிறைய தெள்ளு சில நாட்கள் குடித்தாலே உயிருக்கு ஆபத்து. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளிறியிருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. ஈறு நன்றாக இருந்தால், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலையும் மாலையும் சீவுங்கள். சிக்கும் பூச்சியை உடனே அந்த நீரில் முக்கினால் குதிக்க முடியாமல் சாகும். படுக்கைத் துணியை வாரம் ஒருமுறையாவது கொதிக்கக் காய்ந்த நீரில் துவையுங்கள். தெள்ளு முட்டைகள் குட்டியின் உடலில் தங்குவதில்லை, படுக்கையிலும் தரையிலும்தான் உதிர்ந்து பொரிகின்றன. கழுத்தில் சொட்டுவிடும் மருந்துகளுக்கு வயது வரம்பும் எடை வரம்பும் உண்டு. பலவற்றை எட்டு வாரத்துக்குமுன் போடக்கூடாது. நாய்க்கு வாங்கிய உண்ணிப் பவுடரையோ சொட்டு மருந்தையோ ஒருபோதும் பூனைக்குப் போடாதீர்கள். அவற்றில் பல 'பெர்மெத்ரின்' என்ற பூச்சிக்கொல்லி கலந்தவை. பூனைக்கு வலிப்பு வந்து இறந்துவிடலாம். கற்பூரம், அந்துருண்டை, மண்ணெண்ணெய் மூன்றும் அதேபோல் விலக்க வேண்டியவை. ஃபினாயில் போட்டுத் துடைத்த தரையிலும் குட்டியை விடாதீர்கள். பூனையின் கல்லீரலால் அந்த நச்சை எளிதில் வெளியேற்ற முடியாது.

பூச்சியும் இல்லை, வட்டமும் இல்லை என்றால்

நம் வீடுகளில் பெரும்பாலும் சாப்பாடுதான் காரணம். பால்சோறும் தயிர்சோறும் வயிற்றை நிரப்பும், தோலை வளர்க்காது. பசும்பால் பல குட்டிகளுக்குப் பேதியாகும். பேதியில் நீர் வற்றினால் தோல் இன்னும் காயும். பூனை இறைச்சி தின்னவே பிறந்த உயிர். தாவர எண்ணெயிலிருந்து தோலுக்கு வேண்டிய அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைப் போதுமான அளவு அதன் உடலால் செய்துகொள்ள முடியாது, கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ-யும் எடுக்க முடியாது. இரண்டும் விலங்குணவிலிருந்தே வர வேண்டும்.

நான்கு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்குப் பூனைக்குட்டிகளுக்கான பால்பவுடர், மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. அதன்பின் 'கிட்டன்' என்று போட்ட வெட் ஃபுட்டை வெதுவெதுப்பான நீர் விட்டுக் கூழாக்கி, நாளைக்கு நான்கைந்து தடவை. வெட் ஃபுட்டில் முக்கால் பங்குக்குமேல் தண்ணீர், உலர் தீவனத்தில் பத்தில் ஒரு பங்கே. தோல் காய்ந்த குட்டிக்கு எது நல்லது என்பது இதிலேயே தெரியும். உலர் தீவனம்தான் கிடைக்கிறது என்றால் பாக்கெட்டில் புரதம் 30 சதவீதத்துக்கும் கொழுப்பு 9 சதவீதத்துக்கும் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, ஊறவைத்துக் கொடுங்கள். புதிய உணவுக்கு ஒரே நாளில் மாற்றாமல் ஐந்தாறு நாளில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

ஆறு வாரம் தாண்டிய குட்டிக்கு, உப்பு போடாமல் வேகவைத்து முள் நீக்கிய மத்தி மீன் ஒரு தேக்கரண்டி, வாரம் இரண்டு முறை கொடுக்கலாம். தினமும் மீன் மட்டுமே என்றால் வைட்டமின் ஈ குறைந்து வேறு நோய் வரும். காட் லிவர் ஆயில் மாத்திரையை உடைத்து ஊற்றுவது தவறு. அதில் வைட்டமின் ஏ மிகுதி, சிறு உடம்புக்கு அது நஞ்சாகிவிடும்.

குட்டியை தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். நாளைக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். நன்றாகத் தின்றும் ஏறாமல், வயிறு மட்டும் உப்பியிருந்தால் புழுவாக இருக்கலாம். தாய்ப்பால் வழியாகவே உருளைப்புழு வருவதால், இரண்டு வார வயதிலேயே புழு மருந்து தொடங்கி எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பது வழக்கம். அளவை மருத்துவர் எடை பார்த்துச் சொல்லட்டும்.

ஏசி காற்று நேராக விழும் இடத்திலிருந்து படுக்கையை மாற்றுங்கள். சூடு தேவைப்பட்டால், துண்டில் சுற்றிய வெந்நீர்ப் புட்டியைப் படுக்கையின் ஒரு ஓரத்தில் வையுங்கள். மறு ஓரம் குளிர்ச்சியாக இருந்தால் குட்டி தானே நகர்ந்துகொள்ளும். தலைக்கு மேலே குண்டு பல்பு எரியவிட்டால் தோல் மேலும் வறளும்.

சுத்தம் செய்ய, மெல்லிய பருத்தித் துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து ஒட்டப் பிழிந்து, தாய் நக்குவதுபோல் சிறிய இழுப்புகளாகத் துடையுங்கள். ஒரு நிமிடம் போதும். உடனே உலர்ந்த துண்டால் ஒற்றி, மடியில் வைத்துச் சூடேற்றுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். குழந்தை சோப்பும் வேண்டாம். மனிதத் தோலின் அமிலத்தன்மை வேறு, பூனையினுடையது வேறு.

படர்தாமரைக்கு ஒரு எச்சரிக்கை

மெடிக்கலில் கேட்டால் கிடைக்கும் படர்தாமரை களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பூசியதும் சிவப்பு அடங்கும், பூஞ்சை அடியில் பரவும், குட்டி நக்கி விழுங்கவும் செய்யும். மருத்துவர் முடிமேல் காட்டிப் பார்க்கும் புற ஊதா விளக்கில் ஒளிரவில்லை என்பதால் படர்தாமரை இல்லை என்றும் முடிவுகட்ட முடியாது. முடியைப் பிடுங்கி அதிலுள்ள பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையே நம்பகமானது. முடிவு வரும்வரை குட்டியைத் துடைக்க எளிதான ஓர் அறையில் வைத்து, தொட்டபின் கையை சோப்பால் கழுவுங்கள். சிறு குழந்தைகள் தூக்கிக் கொஞ்சாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த முடியில் பூஞ்சை வித்துகள் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும், அதனால் தினமும் கூட்டி அள்ளுவது மருந்துக்குச் சமமான வேலை.

புதுத் தோல் வந்து பழையது உதிர மூன்று வாரமாகும். உணவை மாற்றிய நான்காம் நாளே பலன் தேடாதீர்கள், வாரம் ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். மூன்று வாரம் கழிந்தும் குறையாவிட்டால் மருத்துவரிடம் கொண்டு போங்கள். பால் குடிக்க மறுத்தாலோ, உடல் சில்லிட்டாலோ, எடை இறங்கினாலோ, தோலில் புண் தெரிந்தாலோ ஒருநாள்கூடக் காத்திருக்க வேண்டாம். போகும்போது செதில் உள்ள இடத்தில் செல்லோ டேப்பை அழுத்தி எடுத்து, ஒரு கண்ணாடித் துண்டிலோ தெளிவான பிளாஸ்டிக்கிலோ ஒட்டி, எடைக் குறிப்போடு கையில் கொண்டு செல்லுங்கள். நுண்ணோக்கியில் அப்படியே வைத்துப் பார்த்துவிடலாம்.