சுற்றாடல் சங்கங்களின் நிர்வாகக் குழுவினர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, தெகிவளை என்று கொழும்பின் பல பகுதிகளில் சிறு சிறு சுற்றாடல் சங்கங்களைக் காணலாம். கால்வாய்க் கரையைத் துப்புரவாக்குகிறார்கள், கடற்கரையில் ஒதுங்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்குகிறார்கள், பாடசாலைகளில் மரம் நடுகிறார்கள். பெரும்பாலும் கோயில் திருவிழாவிலோ பழைய மாணவர் சங்கத்திலோ பழகிய பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து தொடங்கியவை. ஞாயிற்றுக்கிழமைச் சிரமதானம் எல்லோருக்கும் தெரிகிறது. மாதத்தில் ஒரு மாலை கூடும் நிர்வாகக் குழு என்ன செய்கிறது என்று கேட்டால் தெளிவான பதில் கிடைப்பது அரிது. நான் பார்த்தவரை இத்தகைய சங்கங்கள் தொண்டர்கள் வராமல் போய்ச் செயலிழப்பது குறைவு. குழுவில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்காமல் விட்டதால் செயலிழந்தவையே அதிகம்.

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அயலில் வாழ்ந்த மக்கள் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அந்த மேட்டுக்கு எதிராகக் குரல் கொடுத்து வந்தவர்கள். அப்படியொரு குரலை மாநகர சபைக்கும் அமைச்சுக்கும் நீதிமன்றத்துக்கும் கொண்டுபோக வேண்டிய சங்கத்தின் கணக்கிலும் பதிவிலும் ஓட்டை இருக்கக் கூடாது. ஓட்டை இருந்தால், குப்பையைப் பற்றிய பேச்சு ஒரே நாளில் சங்கத்தைப் பற்றிய பேச்சாக மாறிவிடும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த விவகாரத்தை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் ஒரு சுற்றாடல் அமைப்பின் தலைவர். 2019 இல் வந்த தீர்ப்பு, பாதிக்கப்பட்டவர்களுக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு மின்னுற்பத்திக் கம்பனிக்கு உத்தரவிட்டது. ஒரு சங்கத்தின் சொல் அவ்வளவு தூரம் போகக்கூடும். குழுவில் பெயர் கொடுக்கும் ஒவ்வொருவரும் அதை மனத்தில் வைத்துத்தான் கையெழுத்திட வேண்டும்.

மரியாதைக்காகக் கொடுக்கும் ஆசனம்

ஆரம்பத் தவறு ஆட்களைத் தெரிவுசெய்வதில் நடக்கிறது. ஒரு வைத்தியர், ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், கடை உரிமையாளர் ஒருவர், கோயில் அறங்காவலர் ஒருவர் என்று பெயர்ப்பட்டியல் அழகாக அமைந்துவிடும். அவர்களில் பாதிப் பேர் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். வருபவர்களும் தலைவர் சொல்வதை மறுத்தால் முகம் முறிந்துவிடும் என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். பெரியவர்களைக் கௌரவிக்கத்தான் போஷகர் என்ற பதவி இருக்கிறது. அதை அவர்களுக்குக் கொடுங்கள். நிர்வாகக் குழுவில் வேலை செய்யக்கூடியவர்களை அமர்த்துங்கள்: கணக்கை வாசித்து விளங்கக்கூடிய ஒருவர், சிங்களத்தில் வரும் அரச கடிதத்தை வரி வரியாகப் புரிந்து பதில் எழுதக்கூடிய ஒருவர், பிள்ளைகளோடு வேலை செய்து பழகிய ஒருவர்.

எல்லாவற்றையும் விட, அந்தக் கால்வாய்க் கரையிலேயே வாழும் ஒருவர் வேண்டும். இந்த இடம்தான் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கிறது. காலி வீதியை அண்டிய மாடிக் குடியிருப்புகளில் வசிப்பவர்கள் கூடி, கால்வாயோரச் சிறு வீடுகளில் வாழ்பவர்களுக்குச் சுத்தம் பற்றி அறிவுரை சொல்லத் தீர்மானிக்கிறார்கள். எந்த மணிக்கு எந்தக் குழாயிலிருந்து கறுப்புத் தண்ணீர் இறங்குகிறது, குப்பை லொறி எந்த ஒழுங்கைக்குள் வர மறுக்கிறது, மழை பெய்தால் எந்த வீட்டுப் படி முதலில் நனைகிறது என்பதெல்லாம் அந்தக் கரையில் வாழும் பெண்களுக்குத் தெரியும். அவர்களைக் குழுவில் சேர்க்க விரும்பினால், அவர்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டத்தை வைக்க வேண்டும். சமையலும் பிள்ளைகளின் பாடமும் நடக்கும் மாலை ஏழு மணிக்குக் கூட்டத்தை வைத்துவிட்டு, “கூப்பிட்டோம், வரவில்லை” என்பது நியாயமாகாது.

யாப்பைத் திறந்து பார்க்காத குழு

“சங்கம் பதிவு செய்யப்பட்டதா?” என்று கேட்டால் “ஓம்” என்பார்கள். எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். இலங்கையில் இதற்குப் பல வழிகள் உண்டு. 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ்ப் பதிந்தவை இருக்கின்றன. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக, அதாவது பங்குகள் இல்லாமல் உறுப்பினர்களின் உத்தரவாதத்தில் நிற்கும் கம்பனியாக, இயங்குபவை இருக்கின்றன. நம்பிக்கைப் பொறுப்பாக (trust) அமைந்தவையும் இருக்கின்றன. வழி மாறினால் கடமையும் மாறும். கம்பனியாகப் பதிந்திருந்தால், நீங்கள் உங்களை ‘குழு உறுப்பினர்’ என்று அழைத்துக்கொண்டாலும் சட்டத்தின் கண்ணில் பணிப்பாளர். நல்லெண்ணத்தோடும் கம்பனியின் நலனுக்காகவும் நடக்கும் கடமை உங்களுடையது. சங்கம் செய்யும் கொடுக்கல்வாங்கலில் உங்களுக்குச் சொந்த நலன் இருந்தால் அதை வெளிப்படுத்திப் பதிவேட்டில் எழுதுவிக்க வேண்டியதும் நீங்கள்தான். 1980 சட்டத்தின் கீழ் வரும் அமைப்பில் மோசடிக்கோ நிதி முறைகேட்டுக்கோ சான்று இருந்தால், நிர்வாகக் குழுவுக்குப் பதிலாக இடைக்கால முகாமைச் சபை ஒன்றை நியமிக்க 1998 ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது.

யாப்பின், அதாவது சங்கத்தின் விதிகளை எழுதிய ஆவணத்தின், பிரதி ஒன்று ஒவ்வோர் உறுப்பினர் கையிலும் இருக்க வேண்டும். கூட்டம் செல்லுபடியாக எத்தனை பேர் வேண்டும், பதவிக் காலம் எவ்வளவு, காசோலையில் யார் கையெழுத்திடலாம், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னறிவித்தல் என்ற நான்கையும் அதில் தேடிப் பாருங்கள். அரை மணி நேர வேலை.

காசு விடயத்தில் கூச்சம்

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் ஆழமாக ஊறியிருக்கிறது. பொருளாளரிடம் கணக்குக் கேட்டால் அவரைச் சந்தேகிக்கிறோம் என்று அவர் எண்ணிவிடுவாரோ என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தில் “எல்லாம் சரியாக இருக்கிறது” என்ற வாய்மொழி அறிக்கையைக் கேட்டுவிட்டுத் தேநீருக்கு எழுந்துவிடுகிறோம். உண்மையில் மாதாந்தம் கணக்குக் கேட்கும் குழுதான் நேர்மையான பொருளாளரைக் காப்பாற்றுகிறது. நாளைக்கு யாராவது வதந்தி கிளப்பினால் அவர் காட்டுவதற்கு ஒரு தாள் வேண்டாமா?

அந்தத் தாள் பெரிதாக இருக்கத் தேவையில்லை. மாதத் தொடக்க இருப்பு, வரவு, செலவு, மாத முடிவு இருப்பு ஆகியவை ஒரு பக்கத்தில். அதோடு வங்கிக் கூற்றின் பிரதி. இரண்டு முடிவுத் தொகைகளும் ஒத்துப்போகின்றனவா என்று எல்லோர் முன்னும் பார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால், எந்தக் காசோலை இன்னும் வங்கிக்குப் போகவில்லை, எந்த நன்கொடை இன்னும் வைப்பிலிடப்படவில்லை என்று எழுத்தில் விளக்கம் வேண்டும். கூட்டம் முடியும் முன் பொருளாளர் அல்லாத ஒருவர் அந்தத் தாளில் கையெழுத்திட்டுத் திகதி இட வேண்டும்.

இரண்டு கையெழுத்து விதியை வைத்திருக்கும் சங்கங்களிலும், வெளியூர் போகும் தலைவர் ஐந்தாறு வெற்றுக் காசோலைகளில் முன்கூட்டியே ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டுப் போவது நடக்கிறது. அந்தக் கணமே விதி செத்துவிடுகிறது. நன்கொடையை வசதிக்காக ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கு வரச் சொல்வதும் அப்படித்தான். அவர் எவ்வளவு தங்கமான மனிதராக இருந்தாலும் கூடாது. அவர் திடீரென்று நோயுற்றால் அந்தப் பணம் யாருடையது என்று அவருடைய குடும்பத்துக்குக் கூடத் தெரியாது.

மரக்கன்றுக்கென்று தந்த பணத்தை மண்டப வாடகைக்கு எடுத்துவிட்டு “பிறகு போட்டுவிடலாம்” என்பதும் நம்பிக்கை மீறல்தான். கொடுத்தவர் ஒரு நோக்கத்துக்குக் கொடுத்திருக்கிறார். வேறு தேவை வந்தால் அவரிடம் கேட்டு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வரியையும் மறக்க வேண்டாம். இலாபம் இல்லாத இடத்தில் வரி ஏது என்று பலர் எண்ணுகிறார்கள். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், அரச சார்பற்ற நிறுவனங்கள் பெறும் நன்கொடை, மானியம் போன்றவற்றின் 3 சதவீதத்தை வரிக்குரியதாகக் கொள்கிறது. உங்கள் சங்கம் அதற்குள் வருகிறதா என்று ஒரு கணக்காளரிடம் கேட்டு, அவர் சொன்னதைக் கோப்பில் வையுங்கள்.

உறவு, வியாபாரம், துணிப்பை

ஒரு சங்கத்தில் பொலித்தீனுக்குப் பதிலாகத் துணிப்பை கொடுக்கும் திட்டம் வந்தது. குழு உறுப்பினர் ஒருவருடைய மைத்துனருக்குப் புறக்கோட்டையில் துணிக்கடை. மலிவாகத் தருவார் என்று சொல்லி அங்கேயே வாங்கினார்கள். விலை உண்மையிலேயே மலிவாகத்தான் இருந்தது. ஆனால் வேறு கடையில் விலை கேட்டதற்கோ, உறவு முறையைக் குழுவில் அறிவித்ததற்கோ எந்தப் பதிவும் இல்லை. ஓராண்டு கழித்துப் பொதுக்கூட்டத்தில் கேள்வி எழுந்தபோது விளக்கம் சொல்ல ஒரு துண்டுக் கடதாசியும் இருக்கவில்லை. நல்ல மனிதர் ஒருவர் மனம் நொந்து விலகினார். திட்டமும் அவரோடு நின்றது.

செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்: “இது என் மைத்துனரின் கடை” என்று அவர் சொல்லியிருக்க வேண்டும், மூன்று கடைகளில் விலைக்கூறல் வாங்கியிருக்க வேண்டும், தீர்மானிக்கும் நேரத்தில் அவர் அறையை விட்டு வெளியே இருந்திருக்க வேண்டும், இவை மூன்றும் கூட்டக் குறிப்பில் ஏறியிருக்க வேண்டும். நம் சமூகத்தில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் உறவு. உறவை ஒளிக்க முடியாது, ஒளிக்கவும் தேவையில்லை.

கூட்டக் குறிப்பு என்றால் எது? “கால்வாய்த் துப்புரவு பற்றிக் கலந்துரையாடப்பட்டது. நன்றியுரையுடன் கூட்டம் நிறைவுற்றது” என்று எழுதினால் அதில் எதுவும் இல்லை. “கையுறை, சாக்கு, குடிநீர் வாங்க 18,000 ரூபா ஒதுக்கத் தீர்மானிக்கப்பட்டது, விலைக்கூறல் பெறும் பொறுப்பு உபசெயலாளருக்கு, அடுத்த கூட்டத்தில் பற்றுச்சீட்டுகள் ஒப்படைக்கப்படும்” என்று எழுதி, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரையும் சேர்த்தால் அது குறிப்பு. இப்போது பல முடிவுகள் வாட்ஸ்அப் குழுவில் நாலைந்து கட்டைவிரல் சின்னங்களோடு முடிந்துவிடுகின்றன. அவசரத்துக்கு அப்படிச் செய்தாலும், அடுத்த கூட்டத்தில் அதை வாசித்து, தீர்மானமாக ஏற்று எழுதிவிட வேண்டும்.

களத்துக்கு முன் மேசையில் முடிய வேண்டியவை

சிரமதானத்தன்று ஐம்பது சாக்கில் குப்பை அள்ளிக் கரையில் அடுக்கிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதை ஏற்றிச்செல்ல யார் ஒத்துக்கொண்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. இரவு மழை பெய்தால் பாதி மீண்டும் தண்ணீருக்குள். ஏற்றிச்செல்லும் திகதியை மாநகர சபையிடம் எழுத்தில் பெறாமல் நிகழ்வுக்கு நாள் குறிக்கக் குழு அனுமதிக்கவே கூடாது. கால்வாய் என்றால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடமும் முன்கூட்டியே பேச வேண்டும்.

மரநடுகையில் நடக்கும் தவறு இன்னும் மோசமானது. 2018 அக்டோபரில் டுபாயில் நடந்த, ஈரநிலப் பாதுகாப்புக்கான ராம்சார் உடன்படிக்கையின் மாநாட்டில் ஈரநில நகரமாக ஏற்கப்பட்ட முதல் 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. வெள்ள நீரைத் தாங்கி வைப்பவை இந்தச் சதுப்பு நிலங்கள்தான். 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் நின்றதை மறந்திருக்க மாட்டோம். அப்படியிருக்க, ‘வெறுமையாகக் கிடக்கிறது’ என்று சதுப்போரத்தில் மண் கொட்டி நிழல் மரம் நடும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுப்பது சுற்றாடல் சங்கமே சுற்றாடலைக் கெடுப்பதாகும். நட்ட மரத்துக்கு இரண்டாம் ஆண்டு யார் தண்ணீர் ஊற்றுவது என்பதும் வரவுசெலவுத் திட்டத்தில் இருக்க வேண்டும்.

தொண்டர்களின் பாதுகாப்பு குழுவின் பொறுப்பு. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தபோது, 25 தொன் நைத்திரிக் அமிலமும் வேறு இரசாயனங்களும் அதில் இருந்தன. கரை முழுக்கப் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. ஒதுங்கிய பொருட்களைத் தொட வேண்டாம் என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். அத்தகைய நேரத்தில் ஆர்வத்தோடு ஓடிவரும் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்தும் துணிவு குழுவுக்கு வேண்டும். சாதாரண நாளிலும் கையுறை, காலணி, பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பாடசாலை மாணவர்களைக் கால்வாய்க்குள் இறக்க இடம்கொடுக்கக் கூடாது.

யாரிடம் வாங்குவது, யாருக்குப் பதில் சொல்வது

பிளாஸ்டிக் போத்தலில் குளிர்பானம் விற்கும் கம்பனி கடற்கரைத் துப்புரவுக்கு அனுசரணை தர முன்வரும். பதாகையில் அதன் பெயர் பெரிதாக இருக்கும். வாங்கலாமா, கூடாதா என்பதில் சங்கங்கள் வேறுபடலாம். என் எண்ணம், சங்கம் யாரைக் கண்டித்துப் பேச வேண்டியிருக்குமோ அவரிடம் வாங்கக் கூடாது என்பதே. எப்படியானாலும் கொள்கையைக் காசோலை வருவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். வந்த பின் பேசினால் தொகைதான் பேசும்.

2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தி அரச அலுவலகங்களிடம் நாம் விவரம் கேட்கிறோம். அரசிடமிருந்தோ வெளிநாட்டு அரசிடமிருந்தோ சர்வதேச அமைப்பிடமிருந்தோ கணிசமான நிதி பெற்றுப் பொதுமக்களுக்குச் சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனங்களும், அந்தச் சேவை தொடர்பான அளவில், அதே சட்டத்துக்குள் வருகின்றன. கேட்பதற்கு முன்பே கணக்கையும் அறிக்கையையும் உறுப்பினர்களுக்கும் அயலவர்களுக்கும் தமிழிலும் சிங்களத்திலும் கொடுத்துவிடுவது நல்லது. வாசித்து விளங்காத ஆவணத்தில் கையெழுத்திடவும் வேண்டாம். அரச அலுவலகங்களோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உரிமை தருகிறது. கேட்டுப் பெறுங்கள்.

இன்னொன்று, தொடங்கியவரே பதினைந்து ஆண்டுகளாகத் தலைவராக இருப்பது. அவருடைய உழைப்பை யாரும் மறுப்பதில்லை. ஆனால் கடவுச்சொல்லும் கோப்பும் அதிகாரிகளின் தொலைபேசி எண்களும் அவரிடம் மட்டும் இருக்கும் சங்கம், அவர் பிள்ளைகளோடு கனடாவுக்குப் போகும் நாளில் முடங்கிவிடும். பதவி மாறும் ஆண்டில், பழையவரும் புதியவரும் மூன்று மாதமாவது ஒன்றாக இருந்து வேலை செய்ய வேண்டும். வங்கியில் கையெழுத்து அதிகாரத்தை மாற்றும் தீர்மானம், பதிவு அலுவலகத்துக்குப் புதிய நிர்வாகிகளின் பெயர் அறிவிப்பு, மின்னஞ்சல் கணக்கு, காசோலைப் புத்தகம், பற்றுச்சீட்டுப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, கருவிகளின் பட்டியல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒப்படைத்தவரும் பெற்றுக்கொண்டவரும் கையெழுத்திட்டு, அந்தத் தாளை அடுத்த கூட்டக் குறிப்போடு இணைத்து வையுங்கள்.