தோள்பட்டை பர்சாவும் ஸ்டெம் செல்லும்: எங்கே ஏமாறுகிறோம்?

கோத்தகிரி, குந்தா பக்கம் தோள்வலிக்காரர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. கத்திரியால் கொழுந்து வெட்டுபவர்கள், ஊட்டியில் கேரட் மூட்டை ஏற்றுபவர்கள் என்று நிறையப் பேர். 'பர்சாவுல ஸ்டெம் செல் இருக்காமே, அதை ஊசியா போட்டுக்கிட்டா ஆபரேஷன் தேவையில்லையா?' என்று கேட்பவர்களும் அவர்களில் உண்டு. பாதி உண்மையில் முளைத்த கேள்வி இது.

பர்சா என்பது தசைநாணும் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) எலும்பும் உரசாமல் காக்கும் மெல்லிய பை. உடம்பில் 150-க்கு மேல் உண்டு. தோளில் முக்கியமானது, மேல்முனை எலும்புக்கும் கையைத் தூக்கும் தசைநாணுக்கும் நடுவே இருக்கிறது. தோளில் சிறு துளைகள் போட்டு, கேமரா வழியாகப் பார்த்துக் கிழிந்த தசைநாணைத் தைக்கும்போது, கேமராவுக்கு இடம் தெரிய வேண்டும் என்று இந்தப் பையைச் சுரண்டி எடுத்துவிடுவது வழக்கம். உறிஞ்சு குழாய் வழியாக அது கழிவு பாட்டிலுக்குப் போய்விடும். அந்தத் திசுவில் எலும்பாக, குருத்தெலும்பாக, கொழுப்பாக மாறக்கூடிய செல்கள், அதாவது ஸ்டெம் செல்கள், இருப்பதை ஆய்வகங்களில் கண்டார்கள். அதனால் சில மருத்துவர்கள் குழாயில் வடிகட்டி பொருத்தித் திசுவைப் பிடித்து, தைத்த இடத்திலேயே திரும்ப வைத்துப் பார்க்கிறார்கள்.

'தைத்த இடத்தில்' என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. முழுதாகக் கிழிந்த தசைநாண் எலும்பை விட்டு உள்ளே இழுத்துக்கொண்டுவிடும். எந்தச் செல்லும் அதை இழுத்து வந்து எலும்பில் ஒட்டாது. தையல்தான் ஒட்டவைக்கும், செல்கள் அந்த ஒட்டுதலுக்குக் கைகொடுக்கலாம் என்பதுதான் எதிர்பார்ப்பு. ஆய்வகக் கண்ணாடித் தட்டில் நடந்தது அப்படியே தோளிலும் நடக்கும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை.

அடுத்தது பணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று போன்றவை தவிர மற்றதெல்லாம் ஆய்வு நிலையில்தான் இருக்கின்றன. ஆய்வில் சேருபவரிடம் சிகிச்சைக்குக் காசு வாங்கக் கூடாது. ஆக, 'ஸ்டெம் செல் பேக்கேஜ்' என்று ரேட் சொன்னால், மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை போவதற்கு முன் ஆய்வுப் பதிவு எண்ணைக் கேளுங்கள். பி.ஆர்.பி. ஊசியை ஸ்டெம் செல் என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. அது உங்கள் ரத்தத்திலிருந்து பிரித்த தட்டணுக்கள், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் இதையெல்லாம்விடப் பெரிய தவறு, புதுசாக ஏதோ வரட்டும் என்று காத்திருப்பது. ராத்திரி அந்தப் பக்கம் புரண்டு படுக்க முடியவில்லை, தலை சீவக் கை எழவில்லை என்றால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எல்லாக் கிழிசலுக்கும் கத்தி தேவையில்லை. பல சின்னக் கிழிசல்கள் உடற்பயிற்சியிலேயே அடங்கும். ஆனால் பெரிய கிழிசலை வருஷக்கணக்கில் விட்டால் தசை சுருங்கிக் கொழுப்பேறிவிடும். அதற்கப்புறம் தைத்தாலும் பழைய பலம் முழுசாக வராது. இடையில் வலி குறைகிறதே என்று ஸ்டீராய்டு ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்வதும் வேண்டாம், தசைநாண் பலவீனமாகும்.

தையல் போட்ட பிறகு, பர்சா வைத்தாலும் வைக்காவிட்டாலும், பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் கை, கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில்தான். மூட்டை தூக்க அதற்கு மேலும் பல மாதம் ஆகும். 'செல் வச்சு தச்சிருக்கு, சீக்கிரம் கூடிடும்' என்று ரெண்டாம் மாசமே கத்திரியை எடுத்தால் தையல் விட்டுப்போகும்.