லினக்ஸ் பாடத்தில் பிழை மாதிரி தெரிகிறதா? சோதித்துத் தெரிவிக்கும் முறை

லினக்ஸ் நிர்வாகப் பாடங்களில் இப்படி ஒரு வரி வரலாம்: "பயனரை டாக்கர் குழுவில் சேர்க்க, யூசர்மாட் கமாண்டுடன் பெரிய எழுத்து ஜி ஆப்ஷனைக் கொடுங்கள்." கமாண்ட் ஓடும், எர்ரர் எதுவும் வராது. ஆனால் கூடவே சிறிய எழுத்து ஏ ஆப்ஷனும் இல்லையென்றால், அந்தப் பயனர் ஏற்கெனவே இருந்த மற்றக் கூடுதல் குழுக்களிலிருந்து நீக்கப்படுவார். உபுண்டுவில் அட்மின் உரிமை தரும் சூடோ குழுவும் அதோடு போய்விடும். லாக்அவுட் செய்து திரும்ப வந்தால் அட்மின் வேலை எதுவும் செய்ய முடியாது.

இந்தப் பிழை யார் கண்ணில் படும்? பாடத்தை வரிக்கு வரி செய்து பார்க்கும் புதியவர் கண்ணில்தான். அதனால் "எனக்குத்தான் புரியவில்லை போல" என்று தாண்டிப் போகாதீர்கள்.

படி 1: நீங்கள் அடித்ததைச் சரிபாருங்கள்

ஸ்பேஸ், பெரிய எழுத்து, சிறிய எழுத்து எல்லாம் பாடத்தில் உள்ளபடியே இருக்கிறதா? காப்பி செய்து ஒட்டியிருந்தால் ஆப்ஷனுக்கு முன்னால் வரும் கோட்டைக் கவனியுங்கள். சில பக்கங்களில் இரண்டு சிறு கோடுகள் ஒரே நீளக் கோடாக மாறியிருக்கும், மேற்கோள் குறிகள் வளைந்திருக்கும். கையால் அடித்தால் கமாண்ட் ஓடுகிறது என்றால் பிழை அந்தப் பக்கத்தின் வடிவமைப்பில் இருக்கிறது. அதையும் தெரிவிக்கலாம்.

படி 2: வெர்ஷனைப் பாருங்கள்

இங்கேதான் பலர் தவறாகப் புகார் செய்கிறார்கள். ஒரு பழைய பாடம், "சாதாரணப் பயனர்களின் யுஐடி 500-இல் தொடங்கும்" என்கிறது. (யுஐடி என்பது ஒவ்வொரு பயனருக்கும் லினக்ஸ் கொடுக்கும் எண்.) உங்கள் மெஷினில் 1000 என்று வருகிறது. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 6 வரை 500 சரிதான். 2014-இல் வந்த ரெட் ஹேட் 7 முதல்தான் அது 1000 ஆனது. உங்கள் மெஷினில் என்ன எண் என்பது இடிசி டைரக்டரியின் லாகின்.டெஃப்ஸ் ஃபைலில், யுஐடி மின் வரியில் இருக்கும். அதே டைரக்டரியில் உள்ள ஓஎஸ்-ரிலீஸ் ஃபைல் உங்கள் டிஸ்ட்ரோவையும் (உபுண்டு, ரெட் ஹேட் போன்ற லினக்ஸ் வகை) வெர்ஷனையும் சொல்லும். இப்படிப்பட்டதை "பிழை" என்று எழுதாமல் "இந்த வெர்ஷனில் மாறிவிட்டது" என்று எழுதுங்கள்.

படி 3: ஆதாரம் எடுங்கள்

முதலில் அந்தக் கமாண்டின் மேன் பக்கத்தை (லினக்ஸிலேயே இருக்கும் கையேடு) திறந்து அந்த ஆப்ஷனின் விளக்கத்தை முழுதாகப் படியுங்கள். அப்புறம் ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஸ்னாப்ஷாட் (பழைய நிலைக்குத் திரும்ப உதவும் பதிவு) எடுத்துவிட்டுச் சோதியுங்கள். வேலைக்கான சர்வரில் வேண்டவே வேண்டாம்.

யூசர்மாட் விஷயத்துக்குச் சோதனை சுலபம். புதிய பயனர் ஒருவரை உருவாக்கி சூடோ குழுவில் சேருங்கள். பயனர் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்று காட்டும் ஐடி கமாண்டைப் பயனர் பெயருடன் ஓட்டி, வருவதைச் சேமியுங்கள். பாடத்தில் உள்ள வரியை ஓட்டுங்கள். மறுபடி ஐடி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சூடோ காணாமல் போனது தெரியும்.

படி 4: எழுதுங்கள்

பாடம் எழுதியவர் ஐந்து நிமிடத்தில் தானே செய்து பார்க்கும்படி இருக்க வேண்டும். உதாரணமாக:

"வணக்கம். பாடம் 4, 'குழுக்கள்' பகுதி, மூன்றாவது கமாண்ட். பெரிய ஜி மட்டும் இருக்கிறது, சிறிய ஏ இல்லை. உபுண்டு 22.04-இல் ஓட்டியபோது பயனர் சூடோ குழுவிலிருந்து நீங்கிவிட்டார். முன்னும் பின்னும் ஐடி காட்டியதைக் கீழே கொடுத்திருக்கிறேன். சிறிய ஏ-வைச் சேர்த்தால் சரியாகிறது. நான் எதையாவது கவனிக்காமல் விட்டிருந்தால் சொல்லுங்கள்."

டெர்மினலில் வந்ததை எழுத்தாகவே ஒட்டுங்கள், ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து காப்பி செய்வது கஷ்டம். அனுப்பும் முன் உங்கள் ஐபி முகவரி, ஹோஸ்ட் பெயர், பாஸ்வேர்டு எதுவும் அதில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தகவலில் ஒரு பிழை போதும்.

படி 5: அனுப்புங்கள்

வேறு யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களா என்று தேடிவிட்டு, பாடத்திலேயே காட்டியிருக்கும் வழியில் அனுப்புங்கள். பாடத்தில் உண்மையான பாஸ்வேர்டோ பிரைவேட் கீயோ தவறுதலாக வெளியாகியிருந்தால் மட்டும் பொதுவில் எழுத வேண்டாம், ஆசிரியருக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

"திருத்திவிட்டோம்" என்று பதில் வந்ததும் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிப் போய், புதிய வரியையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஏ-வைச் சேர்க்கும் அவசரத்தில் ஜி சிறிய எழுத்தாகியிருக்கலாம். சிறிய ஜி பயனரின் முதன்மைக் குழுவை மாற்றும் ஆப்ஷன், அதோடு ஏ சேராது.