மால்டா போகிறீர்களா? ‘சின்னத் தீவுதானே’ என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

மத்தியதரைக் கடல் தீவு நாடான மால்டாவில் இம்ஜார் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று பெரிய தீவின் வடமேற்கில் வயல்களுக்கு நடுவே இருக்கும் கிராமம். இன்னொன்று பக்கத்துத் தீவான கோசோவின் படகுத்துறை. இது தெரியாமல், கோசோ போகும் அவசரத்தில், நெற்றியில் இம்ஜார் என்று போட்டிருந்த பேருந்தில் ஏறி ஜன்னலோர சீட்டும் பிடித்து உட்கார்ந்தவன் நான். தீவுக்குத் தீவு பேருந்து எப்படிப் போகும் என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. இறங்கிப் பார்த்தால் கடலும் இல்லை, படகும் இல்லை. முட்டையை நிறுத்தி வைத்த மாதிரி கூரையோடு ஒரு தேவாலயம் நின்றது. ஊர்க்காரர்கள் முட்டையும் விளைச்சலும் விற்ற காசில் கட்டியதாம், முட்டைக் கோவில் என்றே சொல்கிறார்கள்.

சரி, வந்தது வந்தாயிற்று என்று நடந்தால், கொஞ்ச தூரத்தில் தா ஹஜ்ராத் என்ற கற்கோவில். எகிப்தின் பிரமிடுகளுக்கும் முந்தையது, யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது. வாரத்தில் எல்லா நாளும் திறக்க மாட்டார்கள், அன்றைக்கு என் அதிர்ஷ்டம் பூட்டு. வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்ததோடு சரி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மால்டாவில் வெளியூர்க்காரர்கள் சொதப்புவதெல்லாம் இந்த ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. மொத்தம் 316 சதுர கிலோமீட்டர், பெரிய தீவே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 27 கிலோமீட்டர்தான். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு ‘மூன்று நாளில் முடித்துவிடலாம்’ என்று எதையும் விசாரிக்காமல் கிளம்பிவிடுகிறோம். அப்புறம் தலைநகர் வலெட்டா, பழைய கோட்டை நகர் இம்தீனா, கொமினோ தீவின் நீலக் குடா மூன்றையும் கூட்டத்தோடு கூட்டமாகப் பார்த்துவிட்டு, அங்கே என்ன பெரிதாக இருக்கிறது என்று கேட்கிறோம்.

முதலில் பெயர்கள். மால்டீஸ் மொழி அரபு வழி வந்தது, ஆனால் எழுதுவது ரோமன் எழுத்தில். அதனால் ஆங்கிலம் மாதிரி வாசித்தால் நடத்துநருக்கும் புரியாது, நமக்கும் ஊர் வராது. எக்ஸ் எழுத்தை ‘ஷ’ என்று வாசியுங்கள். ஜி எழுத்தோடு கோடு போட்ட எச் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் சத்தமே கிடையாது. மர்சஷ்லொக் என்ற மீனவ ஊரின் பெயரைப் பிரித்தால் ‘மர்சா’ துறைமுகம், ‘ஷ்லொக்’ தென்கிழக்குக் காற்று. கோசோவை அவர்கள் சொல்வது அவ்தெஷ் என்று, சாலைப் பலகைகளிலும் பல இடங்களில் அந்தப் பெயர்தான். ரபாத் என்பதும் இரண்டு உண்டு: இம்தீனாவை ஒட்டி ஒன்று, கோசோவின் நடு ஊர் ஒன்று. கோசோ ரபாத்துக்கு விக்டோரியா என்றும் பெயர் இருப்பதால் தப்பித்தோம்.

அடுத்தது பேருந்து. நிறுத்தத்தில் சும்மா நின்றால் நிற்காமல் போய்விடும், கை காட்ட வேண்டும். கோடையில் நிரம்பிய வண்டி கை காட்டினாலும் போய்விடும். வலெட்டாவிலிருந்து கோசோ படகு கிளம்பும் சிர்கெவ்வாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ‘அங்கேயும் இடது பக்கம்தானே ஓட்டுகிறார்கள், கார் எடுத்துவிடலாம்’ என்று தோன்றும். ஓட்டுவது பிரச்சினை இல்லை, நிறுத்துவதுதான். வெள்ளைக் கோடு போட்ட இடம் எல்லாருக்கும், பச்சைக் கோடு அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு. வெள்ளையைத் தேடியே மாலைப் பொழுது போய்விடும். கிராமப்பக்கம் சுற்ற ஒன்றிரண்டு நாள் மட்டும் கார் எடுத்தால் போதும்.

விசாவில் ஒரு வார்த்தை. ஆங்கிலம் ஆட்சிமொழி, மூன்று முள் பிளக், சிவப்புத் தொலைபேசிப் பெட்டி, எல்லாம் பிரிட்டன் வாசனைதான். ஆனால் பிரிட்டன் விசா செல்லாது, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும்.

இப்போது டிக்கெட் விஷயத்துக்கு வருவோம், எல்லாரும் கோட்டை விடும் இடம் இது. பவோலா என்ற ஊரில், சாதாரண வீடுகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவுக்கு அடியில், ஹால் சஃப்லீனி ஹைப்போஜியம் இருக்கிறது. பாறையைக் குடைந்து மூன்று அடுக்காக உருவாக்கிய பாதாள இடுகாடு. கி.மு. 4000 வாக்கில் தொடங்கி ஆயிரத்தைந்நூறு வருடம் பயன்பாட்டில் இருந்தது, ஏறத்தாழ 7,000 பேரின் எலும்புகள் கிடைத்ததாகக் கணக்கு. 1902-ல் வீடு கட்டுவதற்காகத் தண்ணீர்த் தொட்டி வெட்டியபோது தட்டுப்பட்டிருக்கிறது. வேலை நின்றுவிடுமே என்று வெட்டியவர்கள் முதலில் வெளியே சொல்லவில்லையாம். மூச்சுக்காற்றின் ஈரத்தால் சுவரில் இருக்கும் செங்காவி ஓவியங்கள் கெட்டுவிடும் என்று ஒரு நாளைக்கு 80 பேரைத்தான் விடுகிறார்கள். ஆகவே ஊர் போய்ச் சேர்ந்த பிறகு டிக்கெட் தேடினால் கிடைப்பது கஷ்டம். விமானச் சீட்டு போட்ட கையோடு இதையும் போட்டுவிடுங்கள். கேமரா, கைப்பேசி எதுவும் உள்ளே கூடாது. அங்கே கிடைத்த ‘உறங்கும் பெண்’ சிலையை உள்ளே தேடாதீர்கள், அது வலெட்டா தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் சின்ன மண் சிலை, பக்கவாட்டில் படுத்து அசந்து தூங்குகிறாள். போட்டோவில் பார்த்துவிட்டுப் பெரிதாக எதிர்பார்த்துப் போய், ஒரு நிமிடம் ஏமாந்து, அப்புறம் அங்கேயே நின்றுவிட்டேன்.

வலெட்டாவில் மேல் பரக்கா தோட்டத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்குப் பீரங்கி வெடிப்பதைப் பார்க்க முண்டியடிப்பவர்கள், எதிர்க்கரையில் தெரியும் பிர்குவுக்குப் போவதே இல்லை. தோட்டத்திலிருந்து லிஃப்டில் கீழே இறங்கினால் டைசா என்ற சின்ன மரப் படகுகள் நிற்கும், சில யூரோவில் அக்கரை சேர்த்துவிடுவார்கள். 1530-ல் வந்து மால்டாவை ஆண்ட கிறிஸ்தவப் போர்வீரர்களான மாவீரர் சபைக்கு முதல் தலைநகரம் அந்த பிர்குதான், வலெட்டா அப்போது வெறும் பாறை மேடு. அங்கே, திருச்சபை தன் கொள்கைக்கு மாறானவர்களை விசாரித்த மதவிசாரணை அரண்மனையின் சிறை அறைகளில் கைதிகள் சுவரில் கீறி வைத்த கப்பல்களும் சிலுவைகளும் இன்னும் இருக்கின்றன.

கோசோவை ஒரே நாளில் பார்க்கப் போவதுதான் என் கணக்கில் பெரிய தவறு. சிர்கெவ்வாவில் டிக்கெட் கவுண்டர் எங்கே என்று தேடி அலைய வேண்டாம், போகும்போது யாரும் காசு கேட்க மாட்டார்கள், திரும்பும்போதுதான் வாங்குவார்கள். படகில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அங்கே பேருந்துகள் எல்லாம் விக்டோரியாவைச் சுற்றித்தான், ஒன்றை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். காலையில் போய் மாலையில் திரும்பினால் ஜிகன்டியா கோவிலும் ஒரு சாப்பாடும்தான் மிச்சம். இரண்டு இரவு தங்குங்கள்.

இன்னும் பலர் கோசோவின் மேற்குக் கரையில் இருக்கும் ட்வெய்ராவுக்குப் போய் ‘அந்த நீல ஜன்னல் பாறை வளைவு எங்கே’ என்று கேட்கிறார்கள். அது 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது. அதனால் ட்வெய்ராவையே தவிர்ப்பவர்களும் உண்டு, அது அதைவிடத் தப்பு. உள்கடல் என்ற குட்டி உப்புக் குளத்திலிருந்து பாறைக் குகை வழியாகத் திறந்த கடலுக்குப் படகில் கூட்டிப்போவார்கள், இருட்டிலிருந்து வெளியே வரும் அந்த நொடியில் தண்ணீரின் நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டும். எதிரே தனியாக நிற்கும் பாறையில் வளரும் ஒரு செடியை மருந்து என்று நம்பிய மாவீரர்கள் பாறைக்குக் காவல் போட்டு, யாரும் ஏறக்கூடாது என்று பக்கங்களைச் செதுக்கி வழுவழுப்பாக்கினார்களாம். ஒரு செடிக்கு இவ்வளவு கெடுபிடி!

அங்கிருந்து வடக்கே வந்தால் மர்சல்ஃபோர்னுக்குப் பக்கத்தில் ஷ்வெய்னி உப்பளம். நம் ஊர்ப் பாத்தி மாதிரி மண்ணில் கட்டியது இல்லை, கடலோரச் சுண்ணாம்புப் பாறையிலேயே சதுரம் சதுரமாக வெட்டியது. கோடையில் போனால் ஓரத்தில் வெள்ளை விளிம்பு கட்டி, நடுவில் மெல்லிய ஏடு மிதப்பது தெரியும், பால் ஆறும்போது மேலே படியுமே, அந்த மாதிரி. காலையில் பெருக்கிக் குவித்து வைத்திருப்பார்கள். இங்கே நடக்கும் தவறு, செல்ஃபிக்காகச் செருப்புக் காலோடு பாத்திக்குள் இறங்குவது. அது யாரோ ஒரு குடும்பம் சாப்பிடும் உப்பு, விற்கும் உப்பு. நடுவில் போகும் கல் வரப்பிலும் கால் வைக்காமல் சாலையோரமாக நின்றே பார்க்கலாம், ஒரு பொட்டலம் வாங்கியும் வரலாம். அங்கே ஒரு கதை சொல்வார்கள்: கடிகாரம் செய்கிற ஒருவர் குன்றின் மேல் உப்புப் பாத்தி வெட்டி, கீழே இருந்த குகையிலிருந்து தண்ணீர் இறைக்கப் பாறையில் துளை போட்டாராம். கோடை முழுக்க இறைத்த தண்ணீரைப் பாறை உறிஞ்சிவிட்டது. குளிர்காலப் புயலில் அலை அந்தத் துளை வழியாகப் பீய்ச்சி அடித்து அக்கம்பக்கத்து வயல்களை உப்பாக்கிவிட்டதாம்.

கொமினோ தீவின் நீலக் குடாவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கோடையில் தண்ணீரைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். 2025 முதல் இறங்க முன்பதிவும் வேண்டும். படகிலிருந்து இறங்கியதும் எல்லாரும் விரிக்கும் இடத்திலேயே விரிக்காமல், உள்பாதையில் நடந்து 1618-ல் கட்டிய சாந்தா மரியா கோபுரம் வரை போய் வாருங்கள், தீவு உங்களுக்கே சொந்தம் மாதிரி இருக்கும்.

கடல் விஷயத்தில் காற்றைப் பார்க்காமல் கிளம்புவதும் வழக்கமான தவறு. அங்கே அதிகம் அடிப்பது வடமேற்குக் காற்று, மய்யிஸ்ட்ரால் என்பார்கள். அது அடிக்கும் நாளில் வடக்குக் கரை கொந்தளிக்கும், தெற்கே அமைதியாக இருக்கும். தென்கிழக்குக் காற்றென்றால் அப்படியே தலைகீழ். ஊர்க்காரர்கள் காலையில் காற்றைப் பார்த்துத்தான் எந்தக் கரை என்று முடிவு செய்வார்கள். நாம் மட்டும் முதல் நாளே பட்டியல் போட்டு வைத்து, தெற்குக் கரையில் இருக்கும் நீலக் குகைக்குப் போய், படகு ஓடாது என்ற பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம்.

கடலை விட்டு உள்ளே வருவதே இல்லை என்பது இன்னொன்று. டிங்லி பக்கத்தில் புஸ்கெட் தோப்பைத் தாண்டினால் பாறைத் தரையில் இணை இணையாக ஓடும் பள்ளத் தடங்கள் இருக்கின்றன. ரயில் சந்திப்பின் தண்டவாளம் மாதிரி பிரிந்தும் சேர்ந்தும் போகும். யார், எப்போது, எதை இழுத்து உண்டாக்கியது என்று ஆய்வாளர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். டிக்கெட் இல்லை, கதவு இல்லை, சமயத்தில் ஆளும் இல்லை. பக்கத்திலேயே ஒரு பெரிய குகை, 1835-ல் பிரிட்டிஷார் வெளியேற்றும் வரை அதில் குடும்பங்கள் வாழ்ந்தன.

நடக்கப் பிடிக்கும் என்றால் விக்டோரியா லைன்ஸ். தீவின் குறுக்கே 12 கிலோமீட்டர் ஓடும் மதில், பிரிட்டிஷார் 1870-களில் தொடங்கி 1899-ல் முடித்தார்கள், ஒரு போருக்கும் உதவவில்லை. நான் தப்பிப் போன இம்ஜாருக்குப் பக்கத்திலேயே இதன் மேற்குப் பகுதி வருகிறது. வழியில் நிழல் என்று ஒன்று கிடையாது, ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள். மார்ச், ஏப்ரலில் இரண்டு பக்கமும் பச்சை, காட்டுப் பூக்கள். இலையுதிர் காலத்தில் அதிகாலை வெடிச் சத்தம் கேட்டால் பதற வேண்டாம், பறவை வேட்டைக்காரர்கள். கல்லில் வெள்ளைப் பெயிண்டில் ‘ஆர்.டி.ஓ.’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து நம் ஊர் லைசென்ஸ் ஆபீஸ் ஞாபகம் வந்து சிரித்தேன். அங்கே அதற்கு அர்த்தம் தனியார் நிலம், உள்ளே வராதே.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் ரொட்டியும் சிப்ஸுமாகக் காலத்தை ஓட்ட வேண்டாம். பஸ்டிட்ஸி என்று அடுக்கடுக்கான மொறுமொறு பண்டம், தெருமுனைக் கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஒன்றில் ரிக்கோட்டா பாலாடைக்கட்டி, இன்னொன்றில் மசித்த பட்டாணி. சில கடைகளில் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். காலை பத்து மணிக்குள் போனால் அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டில் கிடைக்கும். பட்டாணி வைத்ததை அவசரப்பட்டுக் கடிக்காதீர்கள், உள்ளே இருக்கிற சூடு நாக்கைப் பதம் பார்த்துவிடும்.