மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சைக்கிளில் ஏறும் நாள்

சமவெளியில் ஒரு நாளைக்கு எண்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர்கள், நீலகிரி ஏறும் நாளையும் அதே கணக்கில் திட்டமிட்டுவிடுகிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர்தானே, மதியத்துக்குள் போய்விட்டு மாலையில் ஊட்டியையும் தொட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த 33 கிலோமீட்டருக்குள் கடல் மட்டத்திலிருந்து சுமார் 320 மீட்டரிலிருந்து 1,800 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும். வழியில் கால்களுக்கு ஓய்வு தரும் இறக்கம் என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் கிடையாது. துணிமணி, கருவிகள் என்று பைகளுடன் நெடும்பயணம் செல்பவர் கோத்தகிரியோடு அன்றைய ஓட்டத்தை முடித்துக்கொண்டு ஊட்டியை மறுநாளுக்கு வைத்துக்கொள்வதே சரி.

பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிகிறது. கல்லாறு வழியாகக் குன்னூர் செல்வது தேசிய நெடுஞ்சாலை; சுற்றுலாப் பேருந்தும் லாரியும் காரும் நாள் முழுவதும் அதில்தான் ஏறுகின்றன. கோத்தகிரிச் சாலையில் வண்டிகள் குறைவு, ஏற்றமும் ஓரளவு சீரானது. மெதுவாக, நெடுநேரம் ஏற வேண்டிய சைக்கிளுக்கு இதுவே தகுந்த வழி. கோடைக் கூட்டம் மிகும் மே மாதத்தில் மட்டும் இதைத் தவிர்த்துவிடுங்கள். சீசன் நாட்களில் வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கிவிடுவது வழக்கம் என்பதால், எதிரே இறங்கும் வண்டிகளுக்கு நடுவே ஏற வேண்டியிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இந்தக் கிழக்குச் சரிவில்தான் வலுவாகப் பெய்கிறது. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் நேர்ந்த மண்சரிவுகளை அங்குள்ளவர்கள் இன்னும் மறக்கவில்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரையே நல்ல காலம்.

சைக்கிளில் முதலில் பார்க்க வேண்டியது கியர். முன்னே உள்ள சிறிய பல்சக்கரமும் பின்னே உள்ள பெரிய பல்சக்கரமும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் பற்கள் கொண்டிருந்தால், உதாரணமாக முன்னே 34, பின்னே 34 என்றால், பெடலை ஒரு சுற்றுச் சுற்றும்போது சக்கரமும் ஒரு சுற்றே சுற்றும். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தாலே மணிக்கு ஏழரை கிலோமீட்டர் கிடைத்துவிடும். மலைக்கு அது போதும். ஓய்வையும் சேர்த்து ஐந்தாறு மணி நேரத்தில் கோத்தகிரியை அடைந்துவிடலாம். அதைவிடக் கடினமான கியர் மட்டுமே உள்ள வண்டியில் சுமையை ஏற்றினால் முழங்கால்தான் அதற்கு விலை கொடுக்கும். பிரேக் கட்டைகள் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மேட்டுப்பாளையத்திலேயே மாற்றிவிடுங்கள்.

விடிந்து வெளிச்சம் நன்றாக வந்த பிறகே புறப்பட வேண்டும். வெயிலுக்கு முன் ஏறிவிடலாம் என்று இருட்டில் கிளம்புவது இந்தச் சாலையில் ஆபத்து. அடிவாரக் காடும் குஞ்சப்பனை, முள்ளூர்ப் பகுதிகளும் யானை நடமாடும் இடங்கள். பலாப்பழம் பழுக்கும் மாதங்களில் அவை சாலையோரத்துக்கே வந்து நிற்கும். எதிரே வரும் பஸ் ஓட்டுநர் கையைக் காட்டி, “மேல நிக்குதுங்க, போகாதீங்க” என்றால் அங்கேயே இறங்கி நின்றுவிடுங்கள். யானை சாலையைக் கடந்த பிறகும் உடனே கிளம்பாமல், குட்டியோ மற்ற யானைகளோ பின்னால் வரக்கூடும் என்று காத்திருந்து, ஒரு பெரிய வண்டி போகும்போது அதையொட்டிப் போவதே பாதுகாப்பு. தேயிலைத் தோட்டங்கள் தொடங்கியபின் காட்டுமாடுகள் இருக்கும். பார்ப்பதற்குச் சாதுவாக மேய்ந்துகொண்டிருந்தாலும் மணியடித்து விரட்டவோ, படமெடுக்க நெருங்கவோ கூடாது.

முதல் பத்து கிலோமீட்டரில்தான் அன்றைய நாள் கெட்டுப்போகிறது. பாக்குத் தோப்பு நிழலில் காலைக் குளிர்ச்சியில் உடம்பு லேசாக இருக்கும், மிதிக்க மிதிக்க வண்டி ஓடும். அந்த உற்சாகத்தில் மூச்சு வாங்கும் அளவுக்குப் போனால் குஞ்சப்பனைச் சோதனைச் சாவடிக்கு மேலே கால் கனத்துவிடும். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதே நம்பத்தக்க அளவு. பேச்சு துண்டுதுண்டாக வந்தால் கியரைக் குறையுங்கள். குறைக்க கியர் மீதியில்லை என்றால் இறங்கிச் சிறிது தூரம் தள்ளிச் செல்லுங்கள், அதில் எந்தக் குறைவும் இல்லை. கொண்டை ஊசி வளைவுகளைப் பொறுத்தவரை ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வலப்பக்கம் திரும்பும் வளைவில் நாம் வெளிவட்டத்தில் இருப்பதால் தூரம் கூடினாலும் ஏற்றம் தணிந்திருக்கும். இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்விளிம்பு சட்டென்று செங்குத்தாகிவிடும். எனவே வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்து, மேலிருந்தும் கீழிருந்தும் ஹாரன் சத்தம் ஏதும் இல்லையென்று காது கொடுத்துக் கேட்டு, விளிம்பிலிருந்து சற்றே விலகி ஏற வேண்டும். பஸ் வந்தால் வளைவுக்கு முன்னரே நின்று வழிவிடுங்கள். அதற்கு முழுச் சாலையும் தேவைப்படும்.

பசி வந்தபின் சாப்பிடுவது மலையில் பலன் தராது. முக்கால் மணிக்கு ஒருமுறை ஒரு வாழைப்பழமோ இரண்டு கடலை மிட்டாயோ போதும். மதியத்துக்குப் பொடி தடவிய இட்லி கட்டிக்கொண்டால் வயிற்றுக்குச் சுமையில்லை. நீலகிரி மாவட்டத்தில் ஞெகிழித் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உள்ளதால், வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்காமல் இரண்டு லிட்டராவது நிரப்பிக்கொண்டு, ஒரு பாட்டிலில் எலுமிச்சையும் உப்பும் சர்க்கரையும் கலந்துகொள்ளுங்கள். அரவேணுவில் தேநீருக்கு நிற்கலாம்.

உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது வெப்பம் சுமார் ஆறரை டிகிரி செல்சியஸ் குறைகிறது. கோத்தகிரியை நெருங்கும்போது பனியனெல்லாம் வியர்வையில் நனைந்திருக்க, காற்று மட்டும் குளிர்ந்திருக்கும். நின்றவுடன் உலர்ந்த சட்டையை மாற்றிக்கொள்ளாவிட்டால் இரவுக்குள் உடம்பு வலி பிடித்துக்கொள்ளும். மதியத்திலேயே வந்து சேர்ந்தவர்களுக்கு, பக்கத்தில் கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவனின் பழைய பங்களா இருக்கிறது. கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த அவர் 1819இல் இந்த மலைக்கு வந்தது ஊட்டி வழியாக அல்ல, இந்தப் பக்கமாகத்தான் என்பது சைக்கிளில் ஏறிவந்தவருக்குத் தனியாக உறைக்கும்.

மறுநாள் கட்டபெட்டு வழியாக தொட்டபெட்டா சந்திப்பு வரை மீண்டும் ஏற்றம், அதன்பின் ஊட்டிக்கு இறக்கம். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம்மும் டிஸ்க்கும் சூடேறிப் பிடிமானம் குறையும். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் கையைத் தளர்த்திவிடுங்கள். மூடுபனி இறங்கினால் முன்னும் பின்னும் விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். பத்தடிக்கு அப்பால் சாலை தெரியாவிட்டால் ஓரமாக நின்று, அது விலகிய பிறகு போகலாம்.